கண்டல் காட்டுக்கு யார் காவல்?

நீர்கொழும்பிலிருந்து விடத்தல்தீவு வரை ஒரு பயணம்

எமது நாட்டில் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் வழியில் ஒரு பலகையையேனும் காணலாம். 'தேசிய பூங்கா', 'சரணாலயம்', 'இயற்கை ஒதுக்கம்' என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே செய்யக்கூடாதவை வரிசையாக இருக்கும். மரம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, அனுமதியின்றி உள்ளே செல்லக்கூடாது. இவை அவசியமான விதிகளே. ஆனால் விறகுக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் பாட்டி காலந்தொட்டு அந்தப் பக்கம் போய்வந்த பெண்கள் இனி என்ன செய்வார்கள் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

கரையோரக் கிராமங்களின் மாதர் சங்கங்களுடன் பணியாற்றும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "பாதுகாக்க வேண்டும் என்று வகுப்பு எடுக்கும்போது எங்களைக் கூப்பிடுகிறார்கள், முடிவு எடுக்கும்போது கூப்பிடுவதில்லை" என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். இயற்கை வளங்களை உள்ளூர் மக்களுடன் சேர்ந்து முகாமை செய்தல் என்பது இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் காணப்படும் வாசகம். நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கடந்த வருடம் மேற்குக் கரையோரமாக நீர்கொழும்பிலிருந்து மன்னார் வரை சென்று வந்தேன். வழியெங்கும் என்னுடன் கூட வந்தது கண்டல் காடு. உவர்நீரில் வேர் ஊன்றி நிற்கும் இக்காட்டுக்குள்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கரையை அரிக்காமல் காப்பதும் அதன் வேர்களே. ஆகவே கண்டல் காடு அழிந்தால் முதலில் காலியாவது கரையோரத்துப் பெண்ணின் கறிச்சட்டி.

நீர்கொழும்புக் களப்பில் ஒரு பழைய ஒழுங்கு

நீர்கொழும்புக் களப்பு கடலுடன் சேரும் வாய்க்கால்களில் முளைகளை நட்டு அவற்றில் வலை கட்டி இறால் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. சிங்களத்தில் இதைக் 'கட்டுதெல்' என்பார்கள். வற்று நீரோடு இறால் கடலை நோக்கி இறங்கும் இரவு நேரத்தில் இந்த வலைகள் விரிக்கப்படும். நல்ல இடத்தில் வலை கட்டுபவருக்கு நல்ல வருமானம். அப்படியானால் நாள்தோறும் சண்டை வரவேண்டும் அல்லவா? வராமல் இருப்பதற்குக் காரணம், எந்த நாளில் எவருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் நான்கு மீனவர் சங்கங்கள். இவை கத்தோலிக்கக் கோவிற்பற்றுகளைச் சார்ந்து வளர்ந்தவை. பரம்பரையாக இருந்துவந்த இவ்வொழுங்கைப் பின்னர் அரசும் சட்ட விதிகளாக ஏற்றுக்கொண்டது.

சமூகவியல் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் எலினோர் ஒஸ்ட்ரமின் பெயர் நினைவுக்கு வரும். 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்க அறிஞர் இவர். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்ணும் இவரே. பொதுச்சொத்தை மக்களிடம் விட்டால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள், ஆகவே அதை அரசு கையில் எடுக்க வேண்டும், அல்லது தனியாருக்குக் கொடுக்க வேண்டும் என்றே பலரும் நம்பியிருந்தனர். ஒஸ்ட்ரம் பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசன வாய்க்கால்களையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்து, பயன்படுத்துபவர்களே விதி வகுத்துத் தாமே கண்காணித்து, மீறுபவரைப் படிப்படியாகத் தண்டித்து நீண்டகாலம் வளத்தைக் காப்பாற்றி வந்திருப்பதை எடுத்துக் காட்டினார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை மாற்றும் உரிமை அதற்குக் கட்டுப்படுபவர்களுக்கும் இருக்க வேண்டும் என்பவை அவர் கண்ட நிபந்தனைகளுட் சில.

நீர்கொழும்பின் சீட்டுமுறை இதற்கு நல்ல உதாரணமே. எனினும் ஒரு பெண் என்ற வகையில் அதில் வேறொன்றையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டுவலை உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. பிடித்த இறாலைத் தரம் பிரிக்கவும் விற்கவும் பெண்கள் இருக்கிறார்கள், சீட்டுக் குலுக்கும் இடத்தில் இல்லை. ஆகவே 'சமூகம்' முகாமை செய்கிறது என்று சொல்லும்போது அந்தச் சமூகத்தில் யார் யார் எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியுடன்தான் சிலாபம் பஸ்ஸில் ஏறினேன்.

பம்பலயில் பெண்களின் பங்கு

சிலாபத்திலிருந்து புத்தளம் வரையான களப்புக் கரைகளில் சதுரம் சதுரமாக வெட்டப்பட்ட குளங்களைக் காணலாம். 1980களிலிருந்து பெருகிய இறால் பண்ணைகள் இவை. பல இடங்களில் கண்டலை அழித்தே இவற்றை வெட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணை பண்ணையாக இறால் செத்தது. முதலீடு செய்தவர்கள் பலர் போய்விட்டனர். கைவிடப்பட்ட குளங்கள் மட்டும் உவர் படிந்து கிடந்தன. அவற்றில் நெல்லும் விளையாது, கண்டலும் இலகுவில் முளைக்காது. காட்டை இழந்ததும் இறாலை இழந்ததும் அந்த ஊர் மக்களே.

இந்தப் பின்னணியில்தான் சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பலயை மையமாகக் கொண்ட 'சுதீச' என்ற சிறு மீனவர் அமைப்பு, 'சீகொலஜி' என்ற அமெரிக்க அமைப்புடனும் அரசுடனும் சேர்ந்து 2015ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் ஒரு பகுதியை அல்ல, எஞ்சியிருந்த சுமார் 8,800 ஹெக்டயர் கண்டல் முழுவதையும் பாதுகாப்பது அதன் நோக்கம். அவ்வாறான முயற்சியை நாடளாவிய ரீதியில் மேற்கொண்ட முதல் நாடு என்று அப்போது இலங்கை பேசப்பட்டது. கண்டல் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றும் 2016 ஜூலையில் பம்பலயில் திறக்கப்பட்டது.

இத்திட்டத்தின் முக்கிய அம்சம் பெண்கள். களப்புகளை அண்டிய சுமார் 1,500 கிராமக் குழுக்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற் பயிற்சியும் சிறு கடனும் வழங்கத் திட்டமிடப்பட்டது. அதற்குக் கைமாறாக ஒவ்வொரு குழுவும் தன் அயலிலுள்ள ஏறத்தாழ 21 ஏக்கர் கண்டலுக்குக் காவலாக இருக்க வேண்டும். தையல், கடை, உணவு தயாரிப்பு என்று ஏதாவது ஒரு வருமானம் கையில் இருந்தால் விறகுக்காகக் கண்டலை வெட்ட வேண்டிய தேவை குறையும். வேறு எவரேனும் வெட்ட வந்தால் தட்டிக்கேட்கவும் ஒரு காரணம் இருக்கும்.

நாற்றுமேடைப் பக்கம் சில பெண்கள் சேற்றைப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கண்டலின் காய் தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். அதைப் பறித்து நேரே சேற்றில் குத்தி நட்டுவிடலாம். எனது அரைகுறைச் சிங்களத்தில் "இது சுலபமான வேலை போலிருக்கிறதே அக்கே" என்றேன். ஒருவர் சிரித்தார். "நடுவது சுலபம் நங்கி. இரண்டு வருடம் பார்ப்பதுதான் கஷ்டம்" என்றார். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது ஓர் ஆய்வைப் படித்த பின்னரே எனக்கு முழுமையாக விளங்கியது.

நட்டவை எங்கே?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் எமது கரையோரமெங்கும் கண்டல் நடும் விழாக்கள் நடைபெற்றதைப் பலரும் அறிவீர்கள். அவற்றின் கதி என்ன என்பதை ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பார்க்கப்பட்ட 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பியிருக்கவில்லை. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் எஞ்சியது 200 ஹெக்டயரைச் சற்றே தாண்டியது. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. அவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு.

பிழையான இடத்தில் நட்டது, இடத்துக்குப் பொருந்தாத இனத்தை நட்டது, மாடு மேய்ந்தது, பாசி மூடியது எனக் காரணங்கள் பல. நட்ட பின்னரான பராமரிப்பு எங்கே இருந்ததோ அங்கே கன்றும் பிழைத்தது என்பதுதான் ஆய்வின் முக்கிய முடிவு. பராமரிப்பு என்றால் மாட்டைத் துரத்துவது, பாசியை அகற்றுவது, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைப்பது. இவை தூரத்து அலுவலகத்திலிருந்து செய்யக்கூடியவை அல்ல. நாளாந்தம் அந்தச் சேற்றில் கால் வைப்பவரே செய்ய முடியும். இத்தகைய தோல்விகளிலிருந்து கற்று, விஞ்ஞான அறிவையும் கிராம மக்களையும் ஒன்றுசேர்த்து இலங்கை முன்னெடுத்த கண்டல் மீளுருவாக்கத்தை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரியான மீளமைப்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஆயினும் கடனையும் காவலையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது குறித்து எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நுண்கடன் என்ற சொல்லைக் கேட்டாலே வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்களுக்கு நடுக்கம். கூடிய வட்டிக்கு வாங்கிய கடனால் அவர்கள் பட்ட பாட்டின் காரணமாக 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே இவ்வாறான திட்டம் எங்கு வந்தாலும் வட்டி எவ்வளவு, கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும், காவல் வேலைக்கு எத்தனை மணித்தியாலம் செல்லும் என்பவற்றை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இயற்கையைக் காப்பது நல்ல காரியம் என்பதற்காகப் பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லை என்று ஆகிவிடாது.

மன்னாரை நோக்கி

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் சென்று, அங்கிருந்து மதவாச்சி வழியாக மன்னாருக்குப் பயணம். மடுச்சந்தி, முருங்கன், உயிலங்குளம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயல்கள் முடிந்து மரங்கள் குட்டையாகி, நிலம் வெளிறி, தாம்போதிக்கு முன்பாகவே கடல் மணம் வந்துவிடுகிறது. இருபுறமும் சேற்றுவெளி. பருவகாலமாதலால் ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கியிருந்தன. தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றவை பூநாரைகள். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிருக்குத் தப்பிவரும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் தங்கிச் செல்லும் இடம் இது.

இந்தச் சேற்றுவெளியின் 4,839 ஹெக்டயர் 2008 செப்டெம்பரில் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயம் என்பதால் மக்கள் அங்கு வாழவோ தமது பாரம்பரியத் தொழிலைச் செய்யவோ முற்றாகத் தடை இல்லை. தேசிய பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. தெரியாததால் வீணான பயமும் வருகிறது, சில வேளை வீணான துணிவும் வருகிறது. ராம்சார் உடன்படிக்கையும் ஈரநிலத்தைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை, அறிந்து அளவோடு பயன்படுத்தவே சொல்கிறது. ஈரநிலங்களின் முகாமைத்துவத்தில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்துவதற்கான வழிகாட்டல்களை அதன் உறுப்பு நாடுகள் 1999இலேயே ஏற்றுக்கொண்டன.

2008 செப்டெம்பர் என்பது வன்னியில் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம் என்பதை எமது வாசகியருக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. இடப்பெயர்வும் சோதனைச் சாவடியுமாக இருந்த நாட்களில் சதுப்பு நிலத்தின் எல்லை பற்றி ஊர்க் கூட்டம் வைத்துப் பேசும் நிலை இருக்கவில்லை.

வரைபடத்தில் ஒரு கோடு

இதே கரையில் தெற்கே சென்றால் முசலிப் பிரதேசம் வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பூர்வீகக் கிராமங்கள் பல அங்கே இருக்கின்றன. இருபது வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த ஊரில் காடு வளர்ந்தது. மக்கள் மீளத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், 2012 ஒக்டோபரில், மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அது ஏனைய காடுகளுடன் சேர்க்கப்பட்டு 40,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட மாவில்லுப் பாதுகாப்புக் காடாயிற்று. வில்பத்துவை அண்டிய காடு அழிக்கப்படுகிறது என்று ஒரு சாரார் குரல் எழுப்பினார்கள். எங்கள் காணி போய்விட்டது என்று ஊர் மக்கள் மறியல் இருந்தார்கள்.

காடும் தேவை, திரும்பி வந்தவருக்கு வீடும் தேவை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருக்க வேண்டிய விடயம், வரைபடத்தில் ஒரு கோடாக முடிந்தபோது பகையாக மாறியது. இதனால் ஏற்பட்ட இன்னொரு நட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து மக்களிடம் இப்போது யார் போய் 'பாதுகாப்பு' என்று சொன்னாலும், முதலில் கேட்கப்படும் கேள்வி "எங்கட காணியையோ?" என்பதுதான்.

விடத்தல்தீவுக் கரையில்

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில் வடக்கே போனால் விடத்தல்தீவு. கண்டலும் சேற்றுவெளியும் கடற்புல் மேடைகளும் கொண்ட 29,180 ஹெக்டயர் பரப்பு 2016 மார்ச்சில் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி கடல். கடற்புல் மேயும் ஆவுளியா எனும் கடற்பசு அருகி வருகின்ற நிலையில் அதற்கு எஞ்சியுள்ள சில புகலிடங்களுள் மன்னார்க் கடலும் ஒன்று. நண்டும் கடலட்டையும் அதே புற்றரையை நம்பியே இருக்கின்றன, அவற்றை நம்பியே ஊரும் இருக்கிறது.

2024 மே மாதம், நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக இந்த ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டயரை விடுவிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. அதே வருடம் நீதிமன்றம் அந்த வர்த்தமானியின் செயற்பாட்டை இடைநிறுத்தியது. பண்ணை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பவர்களும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் சிலாபத்தில் கைவிடப்பட்ட குளங்களைப் பார்த்துவிட்டு நேரே இங்கு வந்த எனக்கு, வேலை எத்தனை வருடத்துக்கு, போன காடு யாருக்குத் திரும்பிவரும் என்ற கேள்விகள் எழாமல் இருக்கவில்லை.

மன்னார்க் கரையோரத்தில் ஒரு கிராமத்தில் அன்று மாலை தங்கினேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். விடியற்காலை வள்ளங்கள் கரைக்கு வந்ததும் பெண்கள் வலைகளைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றத் தொடங்கினார்கள். விரலில் கடிபடாமல் கழற்றுவது ஒரு கலை. அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கதை கொடுத்தார்.

"இதுக்குள்ள கண்ணாப் பத்தை எங்க போட்டுது எண்டு ஆரைக் கேட்டாலும் தெரியாது மகள். எனக்குத் தெரியும். எங்க நண்டுக்குஞ்சு கிடக்கும், எங்க சேறு இறுகிப்போச்சு, எல்லாம் தெரியும்."

"கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறீர்களா அம்மா?"

"கூட்டம் பத்து மணிக்கு. அந்த நேரம் நான் நண்டோட நிப்பன். பிறகு ஆம்பிளையள் வந்து என்ன முடிவு எண்டு சொல்லுவினம்."

இழுவைமடிகளைப் பற்றியும் அவர் சொன்னார். தமிழகத்திலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போவதால் புல்லும் போகிறது, வலையும் போகிறது. எமது நாட்டில் அம்முறை 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. "எங்களுக்கு மட்டி பொறுக்கச் சட்டம் சொல்லுறதுக்கு முன்னால அதை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். சிறியவருக்கு இறுக்கமாகவும் பெரியவருக்குத் தளர்வாகவும் விதி இருந்தால் அதை எவரும் தமது விதியாக ஏற்கமாட்டார்கள் என்பதை அவர் தமது பாணியில் சொல்லிவிட்டார்.

அங்குள்ள சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டைப் பார்க்கக் கிடைத்தது. பெண்களின் பெயர் மிகச் சிலவே இருந்தன. விசாரித்தபோது, அவர்களிற் பலர் கணவனை இழந்த பின் அவருடைய இடத்துக்குச் சேர்க்கப்பட்டவர்கள் என்று தெரிந்தது. வள்ளம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் மீனவர். சேற்றில் மட்டி பொறுக்குபவர், நண்டு கழற்றுபவர், கருவாடு போடுபவர் மீனவர் அல்லர். ஆகவே ஒதுக்கம் பற்றிப் பேச 'மீனவ சமூகத்தின் பிரதிநிதிகள்' அழைக்கப்படும்போது, கண்டலுக்குள் தினமும் போய்வருபவரின் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. கணவன் உயிரோடு இருக்கும்வரை அவளுக்குக் கடலில் உரிமை இல்லை என்பது எவ்வளவு விசித்திரம்!

பெண்கள் இருந்தால் என்ன மாறும்?

'பெண்களையும் சேருங்கள்' என்பது வெறும் நியாயத்துக்கான கோரிக்கை மாத்திரமல்ல. பொருளியலாளர் பினா அகர்வால் இந்தியாவின் குஜராத்திலும் நேபாளத்திலும் சமூக வனக் குழுக்களை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காட்டின் நிலை மேம்பட்டிருந்ததை அவர் கண்டார். ஓரிருவர் ஒப்புக்கு இருந்தால் போதாது, வாய் திறந்து பேசுமளவுக்குத் தொகை இருக்க வேண்டும் என்பதும் அவரது முடிவு. இது விளங்கிக்கொள்ளக் கூடியதே. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போகிறவள்தான் மரம் வெட்டுபவனை முதலில் காண்கிறாள். விதியை வகுத்தபோது அவளும் இருந்திருந்தால், அதை மீற வேண்டிய நிலை அவளுக்கே வராதபடி விதி அமைந்திருக்கும்.

நேபாளத்தில் சமூக வனக் குழுக்களின் நிர்வாகத்தில் பாதியளவு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் வழிகாட்டல் கூறுகிறது. 1986இல் ஆரம்பமான அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேசத்தில் கிராமத்துத் தாய்மார் குழுக்கள் பாதை துப்புரவு முதல் மரநடுகை வரை பலவற்றைப் பொறுப்பேற்றிருக்கின்றன. போரையும் வறுமையையும் கண்ட நாடுதான் அதுவும். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு சரணாலயமோ ஒதுக்குக் காடோ இருக்கலாம். நாளை அங்கு மக்கள் பங்கேற்புக் குழு ஒன்று அமைக்கப்படும் என்று அறிவித்தல் வரலாம். அப்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஊடாக நாம் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, அங்கத்தவர் எவ்வாறு தெரிவுசெய்யப்படுகின்றனர்? வள்ளமோ காணியோ சொந்தமாக இருப்பவர் மட்டுமா, அந்த வளத்தால் சீவிப்பவர் யாவருமா? மட்டி பொறுக்குபவரும் கருவாடு போடுபவரும் தம் பெயரிலேயே அங்கத்தவராக முடிய வேண்டும்.

இரண்டாவது, கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே, எந்த மொழியில்? நண்டு வரும் நேரத்தில் வைக்கப்படும் கூட்டத்துக்குப் பெண்கள் 'அக்கறையில்லாததால்' வரவில்லை என்று அறிக்கை எழுதப்படக்கூடாது.

மூன்றாவது, எல்லை எங்கே? காகிதத்தில் மட்டும் காட்டாமல், ஊரவரையும் அழைத்துக்கொண்டு எல்லை நெடுக நடந்து காட்டும்படி கேட்கலாம். கிணறு, மயானம், மேய்ச்சல் தரை, கோவில், பள்ளிவாசல் எந்தப் பக்கம் வருகின்றன என்பது அப்போதுதான் தெரியவரும்.

நான்காவது, குழுவின் பேச்சுக்கு என்ன பெறுமதி? ஆலோசனை கேட்டுவிட்டு வேறு முடிவெடுத்தால் அதற்குக் காரணம் எழுத்தில் தரப்படுமா? பார்வையாளர் கட்டணம் போன்ற வருமானம் இருந்தால் அதில் ஊருக்குப் பங்கு உண்டா?

கேட்பதற்குச் சட்டமும் துணையாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி, வரைபடம், முகாமைத்துவத் திட்டம் என்பவற்றை எந்தவொரு பிரசையும் தமிழிலேயே விண்ணப்பித்துக் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்படும் பெரிய திட்டங்களின் அறிக்கை மீது பொதுமக்கள் கருத்துக் கூற 30 வேலை நாட்கள் உண்டு. இந்நாட்கள் பெரும்பாலும் எமது ஊர்களில் எவருக்கும் தெரியாமலேயே கடந்து போகின்றன. மாதர் சங்கத்தில் எழுத வாசிக்க நன்கு தெரிந்த ஒரு சகோதரி இதைப் பொறுப்பேற்றாலே பெரும் மாற்றம் வரும்.

கண்டல் ஒரு நாளில் வளர்வதில்லை. வளர்ந்த காட்டை இயந்திரம் ஒன்று ஒரு நாளில் அழித்துவிடும். அந்த நாளில் இயந்திரத்தின் முன் யார் நிற்பார்கள் என்பதே கேள்வி. அதிகாரி அலுவலகத்தில் இருப்பார். நகரத்து ஆர்வலர் செய்தி கேட்டுப் புறப்பட்டு வரவேண்டும். கரையில் நிற்பவள் நண்டு கழற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்தான். இது எங்கள் காடு என்று அவள் அன்று சொல்ல வேண்டுமானால், இது உனது காடும்தான் என்று நாம் இன்றே அவளுடைய பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.